ஐந்திலிருந்து ஒன்று வரை எண்ணிய குரலுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நான் சிகரெட்டை விட்டு இன்றோடு ஒரு வருடமும் 11 நாளும் ஆகிறது. நடுவில் இரண்டு இழுப்பு உண்டு, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். வருடம் முடிந்த அன்றே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. சொன்னால் கண் பட்டுவிடுமோ என்று பயந்து 11 நாள் தள்ளிப்போட்டேன். சிகரெட்டை விட்டாலும் மூடநம்பிக்கையை விட முடியவில்லை.

"எப்படிப்பா விட்டே?" என்று கேட்கிறவர்களிடம் "ஹிப்னாடிசம்" என்றால் போதும், அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. நாற்காலியில் சாய்ந்தேன், தூங்கினேன், எழுந்தேன், பழக்கம் போய்விட்டது என்று ஒரு கதை தானாகப் பரவிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதை ஐந்தாறு பேருடைய உழைப்பை அப்படியே விழுங்கிவிடுகிறது. அவர்களிடமிருந்து திருடிய பெயரை நான் சுமப்பது போல் இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

22 வருடப் பழக்கம். ஒரு நாளைக்கு 15. வேலை நெருக்கினால் பாக்கெட்டே காலி. காலையில் கண் விழித்ததும், பல் தேய்க்கும் முன் முதல் சிகரெட். நான்கு முறை விட்டுப் பார்த்தேன். அதிகம் தாங்கியது 9 நாள். ஐந்தாவது முயற்சிதான் முதல் ஹிப்னாடிசம். ஒரு கூடத்தில் முப்பது பேரை உட்காரவைத்து, "ஒரே அமர்வு, நூறு சதவீத உத்தரவாதம்" என்று ஒருவர் கனத்த குரலில் பேசினார். விரலைச் சொடுக்கினார். "இனி உங்களுக்குச் சிகரெட் பிடிக்காது" என்றார். கூடத்தை விட்டு இறங்கும் படிக்கட்டிலேயே பற்றவைத்தேன். பிடித்துத்தான் இருந்தது. பணம் போனதைக் கூட விடுங்கள், "இந்த வழியும் உனக்கு ஆகாது" என்று அடுத்த இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேனே, அந்த நஷ்டம்தான் பெரிது.

இந்த நிலையில்தான் மேடம், உங்களிடம் வந்தேன். வந்தேன் என்பதை விட, மனைவி தள்ளிக்கொண்டு வந்தாள் என்பதே சரி. நீங்கள் முறையாகப் படித்த மனநல ஆலோசகர் என்று அவள் விசாரித்து வைத்திருந்தாள். "நாய் மாதிரி குரைக்கச் சொல்வாங்க, பாத்துக்க மச்சான்" என்று மைத்துனன் வேறு வழியனுப்பி வைத்தான்.

முதல் நாள் நீங்கள் ஹிப்னாடிசம் பக்கமே போகவில்லை. முக்கால் மணி நேரம் கேள்விகள் மட்டும். எந்தச் சிகரெட் விட முடியாதது, எது சும்மா கை பழக்கத்தில் எடுப்பது, யாரோடு நின்று பிடிக்கிறேன், சண்டை போட்டால் எத்தனை, சந்தோஷமாக இருந்தால் எத்தனை. 15 சிகரெட்டில் ஆறேழு எனக்கு நினைவே இல்லாமல் பிடித்தவை என்று அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் நான் கேட்டேன், "இது எத்தனை சதவீதம் வேலை செய்யும்?" நீங்கள் சொன்ன பதிலுக்காகத்தான் உங்களுக்கு முதல் நன்றி. 2019இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 14 ஆய்வுகளை, மொத்தம் 1,926 பேரை, ஒன்றாகச் சேர்த்து அலசியது. மற்ற வழிகளை விட ஹிப்னாடிசம் மேல் என்று சொல்லப் போதுமான சான்று கிடைக்கவில்லை என்றீர்கள். நான் எழுந்து போகத் தயாரானேன். "அப்ப எதுக்கு மேடம் இதைச் செய்றீங்க?" என்றேன். "சிலருக்குக் கை கொடுக்குது. அந்தச் சிலர்ல நீங்க ஒருத்தரான்னு முன்கூட்டி எனக்குத் தெரியாது. டாக்டர் கொடுக்கிறதையும் எடுத்துக்கிட்டு, இதையும் செய்ங்க. இதை மட்டும் நம்பி வந்தா நான் எடுக்க மாட்டேன்" என்றீர்கள். நூறு சதவீதம் என்று சொன்னவரிடம் எனக்கு வராத நம்பிக்கை, தெரியாது என்று சொன்ன உங்களிடம் வந்தது.

எனக்கு ஹிப்னாடிசம் எவ்வளவு பலிக்கும் என்று சோதித்தீர்களே, அது ஞாபகம் இருக்கிறதா? மணிக்கட்டில் பெரிய பலூன் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். என் கை நாற்காலியின் கைப்பிடியிலிருந்து நான்கு விரற்கடை எழும்பி, அங்கேயே யோசித்துக்கொண்டு நின்றது. இப்படிப் பல சோதனைகள் சேர்ந்த அளவுகோல் ஒன்று 1959இலேயே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவானது, 12 புள்ளிக்குக் கணக்கு, மிக எளிதாக ஆழ்ந்துபோகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், பெரும்பாலோர் நடுவில் என்றீர்கள். நானும் நடுவில். பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க் மாதிரியேதான்.

இரண்டாம் நாள்தான் அந்த நாற்காலி. எதிர்ச் சுவரில் மேலே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னீர்கள். இமை கனத்தது. ஐந்திலிருந்து கீழே எண்ணினீர்கள். நான் மயங்கிப்போவேன் என்று காத்திருந்தேன். மயக்கமே வரவில்லை. கீழே எங்கோ மோட்டார் ஓடியது கேட்டது. மூக்கு அரித்தது, சொறிந்தேன். ஆனால் உடம்பு மட்டும் ஈரத்துணி மாதிரி நாற்காலியில் கிடந்தது. மோட்டார் சத்தம் இருந்தும் இல்லாத மாதிரி, உங்கள் குரல் மட்டும் பக்கத்தில் இருந்தது. முடிந்ததும், "எனக்குப் பலிக்கல மேடம், எல்லாம் கேட்டுச்சு, மூக்கைக் கூட சொறிஞ்சேன்" என்று குறைபட்டேன். "மூக்கு அரிச்சா சொறியலாம். நான் என்ன மயக்க ஊசியா போட்டேன்?" என்றீர்கள்.

அப்போது சொன்ன கதையை நான் இதுவரை இருபது பேருக்காவது சொல்லியிருப்பேன். ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர்தான் கிரேக்கத்தில் தூக்கத்துக்கான சொல்லை எடுத்து இந்தப் பெயரை 1840களில் பரப்பினார். கொஞ்ச காலத்திலேயே இது தூக்கமே இல்லை, மனம் ஒரே எண்ணத்தில் நிலைப்பது என்று கண்டு, பெயரை மாற்றவும் பார்த்தார். ஊர் கேட்கவில்லை, பழைய பெயரே நின்றுவிட்டது. "ஒரே எண்ணத்துல நிலைக்கிறதுன்னா, நான் 22 வருஷமா அப்படித்தானே இருக்கேன்" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. "ஆமாம். அந்தத் திறமை உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. எண்ணத்தை மட்டும் மாத்தணும்" என்றீர்கள்.

மாற்றிக் கொடுத்த எண்ணம் எனக்குப் புதிதாக இருந்தது. சிகரெட் நாறும், குமட்டும் என்றெல்லாம் நீங்கள் சொல்லவே இல்லை. ஹெர்பர்ட் ஸ்பீகல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1970இல் எழுதிய முறை என்று விளக்கினீர்கள். இந்தப் புகை உன் உடம்புக்கு நஞ்சு. நீ வாழ அந்த உடம்பு வேண்டும். ஆகவே அதைக் காப்பாற்றும் பொறுப்பு உனக்கு. இவ்வளவுதான். 'புகைக்காதே' என்றால் மனம் புகையைத்தான் சுற்றி வரும், 'காப்பாற்று' என்றால் வேறு வேலை கிடைத்துவிடும். சரி, கேட்கும்போது சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணை மூடிக் கிடந்தபோது, "உங்க உடம்பு உங்களை நம்பியிருக்கு, அதுக்கு வேற யாரும் இல்ல" என்று மெதுவாகச் சொன்னீர்கள். அப்போது தூங்கும் ஒரு குழந்தையின் முகத்தில் நான் புகையை ஊதுவது போல் ஒரு காட்சி, நீங்கள் சொல்லாமலே, வந்தது. இமைக்குள் ஈரம். அதை நீங்கள் பார்த்தீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. அதற்கும் நன்றி.

நான்கு அமர்வுகள். உங்கள் குரலில் 9 நிமிடப் பதிவு ஒன்றைக் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தீர்கள். ஆசை வரும்போது செய்ய ஒரு நிமிடப் பயிற்சியும்: கண்ணை மேலே உருட்டி, இமையை மூடி, மூச்சை விட்டு, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து அழுத்தி, அந்த மூன்று எண்ணங்கள். சிகரெட்டைப் பிடித்த அதே விரல்கள். முதல் மாதம் ஒரு நாளைக்குப் பத்து முறை செய்தேன். கழிப்பறையில் செய்தேன், கூட்டத்தின் நடுவில் மேசைக்கு அடியில் செய்தேன்.

அடுத்தது நீங்கள், டாக்டர். மேடம் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதத்தைப் படித்ததும் ஹிப்னாடிசத்தைக் கேலி செய்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் ஒரு சின்னக் கருவியை நீட்டி, 15 நொடி மூச்சடக்கி ஊதச் சொன்னீர்கள். புகையோடு உள்ளே போகும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு என் மூச்சில் 23 என்று காட்டியது. பத்து லட்சத்தில் 23 பங்கு. விட்ட நான்காம் நாள் ஊதினால் 2. என் உடம்பு எனக்கு எழுதிய பதில் கடிதம் மாதிரி அந்த 2ஐப் பார்த்துக்கொண்டே நின்றேன். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிக்கிறவன் என்பதால் 4 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் கொடுத்தீர்கள். நான் அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்று தள்ளி, விக்கலோடு போன் செய்தேன். "மென்னுக்கிட்டே இருக்காதீங்க, காரம் தட்டினதும் கன்னத்துல ஒதுக்குங்க" என்று இரண்டாம் முறையும் பொறுமையாகச் சொன்னீர்கள்.

அந்தக் காபி விஷயம்! முதல் வாரம் நெஞ்சு படபடவென்று அடித்தது, தூக்கமில்லை. சிகரெட் இல்லாத கொடுமை என்றே நினைத்தேன். எத்தனை காபி என்று கேட்டீர்கள். சிகரெட் புகை காஃபினை ஈரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்துவிடுமாம். புகை நின்றதும் அந்த வேகம் குறைய, அதே காபி உடம்பில் நெடுநேரம் தங்கிவிடும். பாதியாகக் குறைக்கச் சொன்னீர்கள். மூன்றாம் நாள் தூங்கினேன். இது தெரியாமல் போயிருந்தால் அந்த வாரமே மறுபடி பற்றவைத்திருப்பேன். விடப்போகிற எல்லோருக்கும் இதை யாராவது சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை.

என் மகளுக்குத் தனியாக ஒரு பத்தி. ஆசை வந்தால் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் தணிந்துவிடும் என்று மேடம் சொன்னதை வீட்டில் சொன்னேன். உனக்கு 11 வயது. பெரியவர்கள் சொன்னால் அளந்து பார்க்கிற வயது. கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய். "அப்பா, இன்னும் இருக்கா?" "இருக்கு." "இப்போ?" "கொஞ்சம்." உன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதினாய். அதிகம் 4 நிமிடம் 40 நொடி, குறைவு 1 நிமிடம் 50 நொடி. மொத்தம் 63 முறை அளந்திருக்கிறாய். ஆறாவது வாரத்தில் அலுத்துப்போய், "அப்பா, இப்பல்லாம் உங்களுக்கு சரியாவே வர்றதில்ல" என்று புகார் செய்தாய். அதை விடப் பெரிய சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை.

அலுவலகத்தில் 12 வருடம் என்னோடு படிக்கட்டில் நின்று தம் அடித்த நண்பா, உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. நான் விட்டதும் நீ என்னைத் தவிர்ப்பதாக நினைத்தேன். நான் மேசையில் இருக்கும்போது நீ எழுந்து போவதில்லை. நான் கூட்டத்தில் இருக்கும்போதுதான் போவாய். மாதங்கள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரியும், நீ வேண்டுமென்றே அப்படி நேரம் பார்த்துப் போனாய் என்று. சட்டையில் வாடை போகட்டும் என்று பத்து நிமிடம் மாடியில் காற்று வாங்கிவிட்டு வருவாயாம். கேட்டால், "உனக்கு எதுக்குடா அது தெரியணும்" என்கிறாய். நீ இன்னும் விடவில்லை. விடச் சொல்லி நான் நச்சரிக்கவும் மாட்டேன்.

இப்போது அந்த இரண்டு இழுப்பு. 19ஆம் நாள், அப்பாவை மருத்துவமனையில் சேர்த்த இரவு. வெளியே நின்ற முகம் தெரியாத ஒருவரிடம் கேட்டு வாங்கினேன். கை தன்பாட்டில் பற்றவைத்தது. முதல் இழுப்பில் தலை சுற்றியது, இரண்டாவதில் அழுகை வந்தது. நசுக்கிவிட்டு, எல்லாம் போச்சு என்று விடியும்வரை உட்கார்ந்திருந்து, காலை ஏழு மணிக்கு உங்களுக்குப் போன் செய்தேன் மேடம். திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். "ரெண்டு இழுத்தீங்க. மூணாவது?" "நசுக்கிட்டேன்." "22 வருஷத்துல இதுக்கு முன்னாடி எப்பவாவது பாதியில நசுக்கினீங்களா?" யோசித்தேன். இல்லை. "அப்ப அதை முதல்ல சொல்லியிருக்கணும்" என்றீர்கள். இதற்கு முன்பு நான்கு முறையும் இந்த இடத்தில்தான் முழுப் பாக்கெட் வாங்கியிருக்கிறேன்.

மனைவிக்கு எழுதினால் "ஊருக்கு முன்னாடி எதுக்கு" என்பாள். முதல் மூன்று நாள் நான் கத்திய கத்தலுக்கு அவள் பதில் பேசாததையும், நாலு கிலோ கூடிய இடுப்பைப் பற்றி இன்றுவரை பேசாததையும் மட்டும் இங்கே பதிந்துவைக்கிறேன். மைத்துனனுக்கும் தகவல்: இதுவரை குரைக்கவில்லை.

மேடம், அந்த 9 நிமிடப் பதிவை நான் அழிக்கவில்லை. எனக்கு இப்போது தேவைப்படுவதில்லை. போன வாரம் மனைவி தூக்கம் வரவில்லை என்று அதைக் கேட்டு வாங்கினாள். நீங்கள் ஐந்திலிருந்து எண்ணத் தொடங்கினீர்கள். மூன்று வரும்போதே குறட்டை.

நன்றியுடன்,
உங்கள் நடுவாந்தர மார்க் மாணவன்