மேடைக் கல்லை முடிவு செய்யும் முன்

மதுரை,
ஞாயிறு மாலை

அன்புத் தோழிக்கு,

ஏழு மாதங்களாக உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். இங்கே அனைவரும் நலம், பெரியவளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்திருக்கிறது. சமையல் மேடைக்கும் அதன் பின்சுவருக்கும் காஷ்மீர் ஒயிட் கிரானைட் பதிக்கப் போவதாக நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகு, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

பெயரில்தான் காஷ்மீர் இருக்கிறது. அந்தக் கல் எங்கள் மதுரைப் பக்கத்தைச் சேர்ந்தது. வெண்மையில் தெறித்த கருஞ்சிவப்புக் கார்னெட் கனிமப் புள்ளிகளின் அழகில் மயங்கி நானும் அதைத்தான் வாங்கினேன். எண்ணெய் உள்ளே இறங்கும் என்றோ, கல்லின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் பூச வேண்டும் என்றோ கடையில் ஒருவரும் சொல்லவில்லை. இன்று எண்ணெய்த் தூக்கு வைக்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை கல்லுக்குள்ளேயே ஊறிக் கிடக்கிறது. சிங்க்கைச் சுற்றிய பகுதி ஈரம் காயாமல் எப்போதும் கறுத்தே இருக்கிறது.

இதற்காகக் கிரானைட்டையே வெறுத்துவிடாதே. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் ஏறக்குறைய 6, 7 கடினம் உள்ள ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்னும் கனிமங்கள் சேர்ந்த கல் என்பதால் காய் நறுக்கும் கத்தி அதைக் கீறுவதில்லை. எலுமிச்சையும் புளியும் பட்டதும் மெருகிழக்கும் மார்பிளைப் போல அது கெடுவதுமில்லை. வெளிர் நிறக் கற்கள் பலவற்றில் நுண்துளைகள் கூடுதல் என்பதுதான் சிக்கல். கறுப்பு கிரானைட் என்று விற்கப்படுவது பெரும்பாலும் காப்ரோ, டாலரைட் போன்ற, துளைகள் குறைந்து இறுகிய வேறு வகைப் பாறை. அடுப்பங்கரைக்கு அதுவே ஏற்றது. எந்தக் கல்லானாலும் ஒரு துண்டு கேட்டு வாங்கி, மேலே நீர் விட்டுப் பத்து நிமிடம் பார். நிறம் கறுத்தால் அது உறிஞ்சும் கல். கறுப்புக் கல்லை நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார். துணியில் கறுப்பு ஏறினால் அது சாயம் பூசிய கல். வெள்ளையின் மீதுள்ள ஆசை விடவில்லையென்றால் பின்சுவருக்கு மட்டும் சீலர் பூசிப் பதித்துக்கொள். அங்கே எதுவும் தேங்கி நிற்காது, தாளிக்கும்போது தெறிப்பதை அன்றன்றே துடைத்தால் போதும்.

சிங்க்குக்கு வெட்டும் துளையின் மூலைகளை வளைவாக எடுக்கச் சொல். நேர் மூலையில்தான் விரிசல் தொடங்கும். மேடையின் உயரத்தையும் உன்னை நிற்கவைத்து அளக்கச் சொல். பள்ளி வழிபாட்டு வரிசையில் எப்போதும் முதலில் நின்றவளுக்கு 34 அங்குலம் எதற்கு?

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறொன்று. எங்கள் வீட்டில் கல் வெட்டிய பையன், நீர் விடாமல், முகத்தில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் வெட்டினான். மாலையில் அவன் இமைமயிர்கூட வெளுத்திருந்தது. தேநீர் கொடுத்தேனே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா என்னும் கனிமத் துகள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயை உண்டாக்கும், அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை என்பதைப் பின்னர்தான் படித்தேன். சிலிக்கா மிகுந்த செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடை செய்ததும் இந்த நோயால்தான். கிரானைட்டில் சிலிக்கா அதைவிடக் குறைவு என்றாலும், உலர வெட்டினால் தூசி தூசிதான். ஆகவே நீர் விட்டு வெட்டுவதையும், சரியான முகக்கவசத்தையும் கூலி பேசும்போதே பேசிவிடு. கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடு.

கல் வெட்ட வரும் நாளை முன்கூட்டியே தெரிவி. நீர்க்குழாயைப் பிடிக்க நான் வருகிறேன்.

அன்புடன்,
உன் தோழி