சீனியும் உப்பும் அந்த வீட்டிலேயே இருந்தன

சிவமயம்

கானாடுகாத்தான்

அன்பு மகள் மீனாவுக்கு ஆத்தா எழுதுவது. அப்பச்சியும் நானும் சுகம். முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்பு முடிந்து நீங்களெல்லாம் கிளம்பிய பிறகு வீடு ஓய்ந்து கிடக்கிறது. பங்காளிகள் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். அப்பச்சிதான் அறை அறையாகப் பூட்டிவிட்டு வந்தார்கள்.

அன்றைக்கு முகப்பில் தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீ சொன்னாயே, "அந்தக் காலத்துல எப்படி வாழ்ந்திருக்காக ஆத்தா! நாமதான் குறைஞ்சு போயிட்டோம்" என்று. எனக்கு அடுப்பில் வேலை கிடந்தது, பதில் சொல்லாமல் போய்விட்டேன். ஆனால் அந்தப் பேச்சு மனசைவிட்டுப் போகவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

படைப்பில் ஒரு சேலை வைத்துக் கும்பிட்டோமே, யாருக்கென்று நீ கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து, தலைப்பிரசவத்தில் ஜன்னி கண்டு 19 வயதில் போன பெண்ணுக்கு. பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் எல்லாம் இருந்த வீட்டில்தான் அவள் போனாள். பிரசவம் பார்ப்பவர் கையைச் சுத்தமாகக் கழுவினாலே தாய்மார் சாவு குறையும் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847இலேயே காட்டிவிட்டார். அந்தச் சேதி நம் வீட்டுப் பிரசவ அறைக்கு வந்து சேரவில்லை.

நீ போன மறுநாள் பெட்டகத்தைத் துடைக்கும்போது அப்பச்சியின் ஐயா எழுதிய குறிப்பு நோட்டு கையில் கிடைத்தது. ரங்கூனில் வட்டிக்கடை வைத்துக் கொண்டுவிற்ற கை, ஒரு காசு விடாமல் எழுதியிருக்கிறார்கள். எட்டுப் பெற்று மூன்று தங்கின வீடு அது. காளயுக்தி வருஷம் ஐப்பசியில் ஒரே வாரத்தில் இரண்டு சாவு. 1918 விஷக்காய்ச்சல் அது. நம் தேசத்தில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் கொண்டுபோன காய்ச்சல். அப்புறம் ரக்தாட்சி வருஷம், அதாவது 1924, வைகாசி மாதம். "வெள்ளிப் பாலாடை 1" என்று ஒரு வரி, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சின்னக் கிண்ணம். நாலு வரி தள்ளி "மதுரை டாக்டர் பீஸ், கார் வாடகை". அதற்குக் கீழே, "பிள்ளை வயிற்றுப்போக்கில் தவறிவிட்டது". கையெழுத்தில் நடுக்கமே இல்லை மீனா. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வருஷமே அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜின் மகன், 16 வயசுப் பையன், டென்னிஸ் ஆடிக் காலில் வந்த கொப்புளம் சீழ்பிடித்து இறந்துபோனான். பென்சிலின் கண்டுபிடித்ததே 1928இல்தான். ஜனாதிபதியாக இருந்தாலும் வாங்க முடியாத பொருள் ஒன்று இருந்தது அப்போது.

நம் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டியதோ இரண்டாங்கட்டுச் சாமான் அறையிலேயே இருந்தது. மூட்டையில் சீனி, ஜாடியில் உப்பு. வெறும் உப்புத் தண்ணீரைக் கொடுத்தால் பேதி கண்ட குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. சர்க்கரையும் சேர்ந்தால் சர்க்கரை உப்பை இழுத்துக்கொண்டு போகும், உப்பு தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். இவ்வளவுதான் சூட்சுமம். மனிதர்களுக்கு அது 1960களில்தான் விளங்கியது. 1971இல் வங்காளதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, பாங்கான் என்ற ஊரில் சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் சர்க்கரையும் உப்பும் தண்ணீரில் கலந்து, அகதிகளின் சொந்தக்காரர்கள் கையாலேயே வாயில் ஊற்ற வைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது.

உன் கதையை உனக்குச் சொன்னதே இல்லை. 1993 கோடை. உனக்குப் பதினோரு மாசம். ராத்திரியெல்லாம் பேதி. கண் குழிவிழுந்து, உச்சிக்குழி உள்வாங்கி, நீ வாய் திறந்து அழுதாய், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மா வந்தார்கள். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், டீஸ்பூனில் தலை தட்டி ஆறு சீனி, அரை உப்பு. உன் அப்பத்தா, "பேதி போற பிள்ளைக்குத் தண்ணி கொடுக்கிறாளே பாவி" என்று அழுதார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்த சாவெல்லாம் அப்படி நம்ப வைத்திருந்தது. நர்ஸம்மா என் கையைப் பிடித்து, "நிறுத்தாதீக, வாந்தி எடுத்தாலும் பத்து நிமிஷம் விட்டுத் திரும்பக் கொடுங்க" என்றார்கள். அந்த வெள்ளிப் பாலாடையில்தான் கொடுத்தேன். வேறு எதுவும் கைக்கு அகப்படவில்லை. ராத்திரி முழுக்க, சொட்டுச் சொட்டாக. கோழி கூவுகிற நேரத்தில் என் மடி நனைந்தது. மூத்திரம் போயிருந்தாய். அப்புறம் அழுதாய், கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த நனைந்த சேலையை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை.

அந்தக் காலத்து வாழ்வு நம் வீட்டோடு முடிவதில்லை. நீ கண்டது முகப்பை. பின்கட்டு வழியாக ஊரணித் தண்ணீர் சுமந்து வந்தவர்களை நினைத்தாயா? நான் கல்யாணமாகி வந்தபோது தண்ணீர் எடுத்த கிழவி இருந்தது. கெண்டைக்காலில் சுருங்கின தழும்பு. கேட்டதற்கு, "நரம்புச் சிலந்தி ஆத்தா" என்றது. குடித்த தண்ணீரோடு வயிற்றுக்குள் போகிற புழு, வருஷம் கழித்துக் காலில் கொப்புளம் கட்டி வெளியே தலை நீட்டும். குச்சியில் சுற்றிச் சுற்றித் தினம் கொஞ்சமாக இழுக்க வேண்டும், அறுந்தால் போச்சு. அதற்கு ஊசியும் கிடையாது, மருந்தும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தும், படியிறங்கி எடுக்கும் கிணற்றை விட்டுக் கைப்பம்புக்கு மாறியும்தான் ஒழித்தார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல். அந்தக் கிழவியின் பேத்தி இன்று காரைக்குடியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். போன மாசம் எனக்கு ரத்தம் எடுத்தவள் அவள்தான்.

தமிழ்நாட்டில் 1971இல் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 113 பிள்ளை ஒரு வயசு காணவில்லை. 2020 கணக்கில் 13. தேசம் விடுதலை ஆனபோது சராசரி ஆயுசு 32, இப்போது 70. இதில் எதையும் ஒரு வீட்டுப் பணம் வாங்கித் தரவில்லை. பள்ளிக்கூடம், தடுப்பூசி, பள்ளியில் மதியச் சோறு, குழாயில் காவிரித் தண்ணீர், நர்ஸம்மா சைக்கிள் வரக்கூடிய ஒரு ரோடு. எல்லாம் ஊர் கூடிச் செய்தது. நம் அழகப்பச் செட்டியார் அதைப் புரிந்துகொண்டவர். 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வரச் செய்தார். 1953இல் திறந்தார்கள். அந்தப் பணத்தில் இதுபோல இன்னும் பத்து வளவு வீடு கட்டியிருக்கலாம்.

எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஊரணியில் பிளாஸ்டிக் மிதக்கிறது. அப்பச்சிக்குச் சர்க்கரை, எனக்கு மூட்டு வலி. பேதியில் சாகிற பிள்ளைகள் இன்னும் உலகத்தில் இருக்கிறார்கள், சீனியும் உப்பும் பக்கத்திலேயே இருக்க. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

வீட்டை நேசி, வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் அந்தத் தூணில் சாய்ந்து உட்காரப் பிடிக்கும். ஆனால் அடுத்த படைப்புக்கு வரும்போது அந்தச் சேலையைக் கையில் எடுத்துப் பார்.

பேரனுக்கு 12ஆம் தேதியோடு ஒன்பது மாசம் முடிகிறது. தட்டம்மை ஊசி போடும் நாள். புனேயில் மழை என்று தள்ளிப் போடாதே. மணகோலமும் சீப்புச் சீடையும் பார்சலில் வருகிறது. அதோடு பழைய மஞ்சள் துணியில் சுற்றிப் பாலாடையும் வைத்திருக்கிறேன். நசுங்கியிருக்கிறது, தட்டி நிமிர்த்தக் கொடுக்காதே, அப்படியே இருக்கட்டும்.

ஆத்தா