கஸ்ஸினோவிலிருந்து தாத்தாவுக்கு

அன்புள்ள தாத்தாவுக்கு,

நான் நலம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதை நிறுத்திவிட்டீர்கள் என்று அம்மா புகார் சொன்னாள். போனில் எல்லாம் பேசியாகிறது, ஆனாலும் நீங்கள் கடிதம்தான் கேட்டீர்கள். சரி, எழுதுகிறேன்.

இத்தாலியில் இந்தக் கஸ்ஸினோ சின்ன ஊர். மத்தியானம் கடையைச் சாத்தினால் சாயங்காலம்தான் திறக்கிறார்கள். காப்பியை நின்றுகொண்டே ஒரே மடக்கில் குடிக்கிறார்கள். இரண்டாவது மடக்குக்கு அதில் ஒன்றும் இருக்காது. பல்கலைக்கழகத்தில் நம் பசங்க நிறைய. நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்து, முறை வைத்துச் சமைக்கிறோம். தங்கும் அனுமதி அட்டைக்கு இன்னும் அலைகிறேன், அந்தக் கதை வேண்டாம்.

ஆயுத பூஜைக்குச் செவ்வந்தி வாங்கி வந்ததைப் பார்த்து வீட்டுக்காரம்மா பதறிப்போய், "யார் செத்துட்டாங்க?" என்று கேட்டார். இங்கே அது கல்லறைப் பூ. நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று ஊரே செவ்வந்தியோடு கிளம்புகிறது. நாங்களும் ஒரு கொத்து வாங்கிக்கொண்டு காமன்வெல்த் போர்க் கல்லறைக்குப் போனோம். சென்னை நந்தம்பாக்கத்தில் பஸ்ஸிலிருந்து ஒரு போர்க் கல்லறையைப் பார்ப்போமே, அதே நிர்வாகம்தான் இதையும் பார்த்துக்கொள்கிறது. அங்கே 800-க்கு மேல், இங்கே 4,271 பேர். மேஜருக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். நம் ஊரில் பதவிக்கு ஏற்பத்தான் சிலை வளரும்!

தலைக்கு மேலே மலையில் மடாலயம் தெரிகிறது. இரண்டாம் உலகப்போரில், 1944 பிப்ரவரி 15-ல் நேச நாட்டு விமானங்கள் அதைக் குண்டுபோட்டுத் தகர்த்தன. அடுத்து மலையேறி ஜெர்மானியரைத் தாக்கியது நம் நாலாவது இந்திய டிவிஷன். அதில் உங்கள் படை ஆள் ஒருவர் இருந்தார் தாத்தா: சுபேதார் சுப்பிரமணியன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை, காஞ்சிபுரம் பக்கம் பிறந்தவர். பிப்ரவரி 24 அன்று, இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள மின்யானோவில் கண்ணிவெடி அகற்றும் வேலை. வெடிக்கப்போகிறது என்று தெரிந்ததும், கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன் மேலேயே விழுந்துவிட்டார். இறந்த பிறகு, வீரத்துக்கான பிரிட்டிஷ் உயர் விருதான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அப்படி ஒரு கண்ணி கிளிக்கானால் யோசிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும்? உங்களுக்குத் தெரிந்திருக்கும், எழுதுங்கள். எனக்கு அதுவேதான் மனதில் ஓடுகிறது.

தகனம் செய்யப்பட்ட நம் வீரர்களுக்குக் கல்லறை கிடையாது, நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும்தான். சாங்ரோ ஆற்றுப் பக்கம் அதற்கென்றே ஒன்று கட்டியிருக்கிறார்கள். இங்கே பெயர்களைக் கவனமாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், குறை சொல்ல முடியாது. சென்னையில் பத்து வருஷம் பள்ளிக்கூடம் போன எனக்குச் சுப்பிரமணியன் பெயரை ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை. உங்கள் முன்னாள் படைவீரர் கூட்டத்தில் சொல்லுங்கள். நந்தம்பாக்கத்துக்கு எல்லாரும் சேர்ந்து போய் அவர் பெயரைச் சொல்லி ஒரு மாலை வைத்தால்கூடப் போதும்.

பிப்ரவரி 24 அன்று நாங்கள் ரயிலில் மின்யானோ போகிறோம். ஸ்டேஷன் அங்கேயே இருக்கிறது. மாலையில் கட்ட ஒரு சாப்பர்ஸ் சின்னம் வேண்டும். உங்கள் தொப்பியில் இருப்பதைக் கழற்றாதீர்கள், கடையில் புதிதாக வாங்கிக் கொடுங்கள். ஜனவரியில் நண்பன் ஊருக்கு வருகிறான். அம்மா கொடுக்கும் சாம்பார் பொடியோடு அதையும் வாங்கி வருவான்.

அன்புடன்,
உங்கள் பேரன்