அத்தர் குப்பியின் மேல் என்ன எழுதுகிறீர்கள்?

மதுரை சித்திரை வீதியிலும் மாசி வீதிகளிலும் அத்தர் விற்கும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். நான் திருமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் வளர்ந்தவள். பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். சென்ற மாதம் வெளியூரில் இருக்கும் பேத்திக்காக, ‘அசல் மதுரை மல்லி’ என்று ஒட்டிய குப்பி ஒன்றை வாங்கினேன். மூடியைத் திருகியதும் பழுத்த பேரிக்காய் வாசனை முகத்தில் அடித்தது. அது பென்சைல் அசிடேட் என்னும் மணப்பொருள். மல்லிகையிலும் அது உண்டு. ஆனால் அது ஒன்றே மல்லிகை ஆகிவிடுமா?

நம் குண்டுமல்லியில் லினலூல் என்னும் பூமணப் பொருள் இருக்கிறது. திராட்சை மிட்டாய்க்கு மணமூட்டும் மெத்தில் ஆந்த்ரனிலேட் இருக்கிறது. இண்டோலும் இருக்கிறது. இண்டோலைத் தனியாக அடர்த்தியாக முகர்ந்தால் மலநாற்றம், மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். அதுவே இம்மியளவு கலந்திருப்பதால்தான், அந்தியில் சூடிய மொட்டுச் சரம் இரவில் விரியும்போது வீடே கனக்கிறது. என் அம்மாவின் கூந்தலில் நான் அறிந்த மணம் அது. நான் வாங்கிய குப்பியில் அது இல்லை.

செயற்கை மணப்பொருளை நான் பழிக்கவில்லை. நம் பிச்சிப்பூவின் இனத்து மணத்தை ஆராய்ந்த வேதியியலாளர்கள்தான் மெத்தில் டைஹைட்ரோஜாஸ்மோனேட்டை உலகுக்குத் தந்தார்கள். ஹெடியோன் என்பது அதன் வணிகப் பெயர். 1966-இல் பிரான்சின் நறுமணக் கலைஞர் எட்மோன் ருட்னிட்ஸ்கா ‘ஓ சவாஜ்’ நறுமணத்தில் அதைச் சேர்த்த பிறகு, அது இல்லாத மலர் வாசனைகளே அரிது என்றாகிவிட்டது. அருமையான பொருள். அதை அதன் பெயரிலேயே விற்றார்கள்.

பூவிலிருந்து எடுப்பது வேறு பாடு. கொதிநீராவியில் மல்லிகை மணம் கெட்டுவிடும். ஹெக்சேன் என்னும் கரைப்பானில் பூவை ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கினால் மெழுகுபோல் ஒன்று மிஞ்சும்; அதற்குப் பெயர் கான்கிரீட். அதிலிருந்து மணத்தை மட்டும் ஆல்கஹாலால் பிரித்தால்தான் அப்சல்யூட் என்னும் அசல் பூச்சாரம். ஆயிரம் கிலோ பூவுக்குக் கான்கிரீட் மூன்று கிலோகூடத் தேறாது. அவ்வளவு பூவையும் விடியுமுன் குனிந்து பறித்த கைகளை எண்ணிப் பாருங்கள். ஐம்பது ரூபாய்க் குப்பியில் அது எப்படி இருக்கும்?

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் தோட்டக்காரர்களுடையது. உங்கள் குப்பியில் ‘மல்லிகை மணம், செயற்கை’ என்று எழுதுங்கள். அப்சல்யூட் கலந்தது இருந்தால் தனித் தட்டில், அதற்குரிய விலையில் வையுங்கள். ஆவணியில் மறுபடி கோயிலுக்கு வருவேன். ஒட்டுச்சீட்டு மாறியிருந்தால் அதே ஐம்பது ரூபாய்க் குப்பியை மனமார வாங்கிப் பேத்திக்கு அனுப்புவேன்.

இப்படிக்கு,
திருமங்கலத்து வேதியியல் ஆசிரியை