அட்வான்ஸைத் தொடாதே, அம்மிணி

அம்மிணிக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கோயம்புத்தூர் சரவணம்பட்டி வீட்டுக்கு ரெண்டு குடும்பமும் வாடகைக்கு வந்தாச்சு, அட்வான்ஸும் கைக்கு வந்தாச்சு என்று சந்தோஷமாகச் சொன்னாய். எனக்கும் சந்தோஷம்தான். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே லோன் போட்டு, லீவு கிடைத்த போதெல்லாம் ராத்திரி பஸ் பிடித்து வந்து நின்று கட்டின வீடு. ஆனால் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாய். அந்த ஒரு லட்சத்து முப்பதாயிரத்தை அப்படியே லோனில் கட்டிவிட்டால் வட்டி குறையும் என்று மாப்பிள்ளை சொல்கிறார் என்றாயே, அதுதான் மனசில் நின்றுவிட்டது. போனில் பேசினால் பாதியில் யாராவது குறுக்கே வருவார்கள். அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பணத்தைத் தொடாதே. அது அவர்கள் பணம். நம் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

வேலம்பாளையத்தில் நாம் வாடகைக்கு விட்ட லைன் வீடுகள் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு அறை, ஒரு சமையலறை, மேலே சிமெண்ட் ஷீட், கோடியில் ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ரெண்டு பாத்ரூம். நீ 2010ல் காலேஜ் சேர்ந்தாய். ஃபீஸுக்குப் பணம் பத்தவில்லை. ஐந்து வீட்டு அட்வான்ஸும் பேங்கில் இருந்தது, அதை எடுத்துக் கட்டினோம். ஒருத்தர் காலி பண்ணினால் அடுத்து வருகிறவர் கொடுப்பதை வாங்கி இவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது உன் அப்பாவும் நானும் போட்ட கணக்கு. அன்றைக்குத் திருப்பூரில் அப்படித்தான் நடந்தது. ஒருத்தர் சாமானை ஏற்றுவதற்குள் அடுத்தவர் வாசலில் வந்து நிற்பார்.

2011 ஜனவரிக் கடைசியில், நொய்யல் ஆற்று வழக்கில், சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. நொய்யல் கெட்டுப்போனது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், அந்தத் தண்ணீரால் விவசாயம் போன நம் சொந்தக்காரர்களே எத்தனை பேர். ஆனால் ஒரே நாளில் பட்டறைகள் நின்றதும் அதில் கூலிக்குப் போனவர்கள் ஊரைக் காலி பண்ண ஆரம்பித்தார்கள். நம் லைனில் ஒரே மாதத்தில் மூன்று வீடு காலி. புதிதாகக் கேட்டு வர ஆள் இல்லை.

மூன்றாவது வீட்டில் உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பம் இருந்தது. அவர் பட்டறையில் வேலை, அந்தப் பெண் பனியன் கம்பெனியில் செக்கிங். ரெண்டு பிள்ளைகள். வாடகை 1,500, அட்வான்ஸ் 15,000. கிளம்புகிற அன்று காலையில் நான் போனபோது வீட்டைக் கழுவித் துடைத்து, வெறும் வீட்டு வாசலில் கோலம் போட்டு வைத்திருந்தாள். அடுப்பு மேடையில் ஒரு பொட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தவள் அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். அப்புறம் நின்றாள். என்னிடம் இரண்டாயிரம்தான் இருந்தது. "பாதியாச்சும் குடுங்கக்கா, லாரிக்குக் குடுக்கணும்" என்றாள். சத்தம் போடவில்லை. அந்த இரண்டாயிரத்தை வாங்கிக்கொண்டு லாரியில் ஏறிவிட்டாள். மீதி பதிமூன்றாயிரத்தை என் செயினை அடகு வைத்துத்தான் அனுப்பினேன், அதற்குள் மூன்று மாதம் போய்விட்டது. வேலையில்லாமல் ஊருக்குப் போனவர்கள் அந்த மூன்று மாதமும் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் பணத்தில் நீ முதல் வருஷப் பரீட்சை எழுதினாய் என்பது மட்டும் தெரியும். இத்தனை வருஷம் உன்னிடம் இதைச் சொல்லவில்லை. இப்போது நீயும் ஒரு வீட்டுக்காரம்மா ஆகிவிட்டாய், அதனால் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு எந்த வீட்டு அட்வான்ஸ் வந்தாலும் அன்றே தனியாக டெபாசிட் போட்டுவிடுவேன். உன் கல்யாணத்துக்குக்கூட எடுக்கவில்லை. மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லு. வட்டிக் கணக்கில் அவர் சொல்வது சரிதான். ஆனால் லோனில் கட்டிய பணத்தை, இவர்கள் ஒரு நாள் திடீரென்று காலி பண்ணினால், பேங்க் திருப்பிக் கொடுக்காது. உன் வீட்டுக்கு வந்திருப்பவர்கள் ஐ.டி. ஆட்கள். கம்பெனி மாற்றினால் ஒரே மாதத்தில் கிளம்புவார்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1960ல் வந்த வாடகைச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017ல் போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. காலி பண்ணிய ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு அட்வான்ஸைக் கொடுத்துவிட வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கவும் கூடாது. நீ ஐந்து மாதம் வாங்கியிருக்கிறாய். அக்ரிமெண்டில் எழுதியிருப்பதால் தப்பில்லை, ஆனால் அடுத்த முறை மூன்றோடு நிறுத்திக்கொள். அப்புறம், பதினொரு மாத அக்ரிமெண்ட் என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி டிராயரில் வைத்தால் இப்போது போதாது. வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். வாடகையை ஏற்றுவதாக இருந்தால் மூன்று மாதத்துக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். என்ன சண்டை வந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் மட்டும் நிறுத்தாதே. சட்டம் விடாது என்பது இருக்கட்டும், குழந்தை குட்டி இருக்கிற வீட்டில் தண்ணீரை அடைக்க நம் கை போகக் கூடாது.

கீழ் வீட்டில் கிச்சன் குழாய் சொட்டுகிறது, இதற்கெல்லாமா எனக்குப் போன் பண்ணுவார்கள் என்று சலித்துக்கொண்டாய். குழாய், வாஷர், ஸ்விட்ச், சாக்கடை அடைப்பு எல்லாம் குடியிருப்பவர் பார்க்க வேண்டியது என்றுதான் சட்டத்தில் பட்டியலே இருக்கிறது. சுவருக்குள் போகும் பைப், வயரிங், வெள்ளையடிப்பு, கட்டட ரிப்பேர் நம்முடையது. இருந்தாலும் அது புது வீடு, அவர்கள் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. குழாயைச் சரியாக மாட்டாதது பிளம்பர் தப்பு, அவர்கள் தப்பு இல்லை. நீயே ஆளை அனுப்பு. இவர்களிடம் சொன்னால் நடக்கும் என்று அவர்களுக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால், நாளைக்குச் சுவரில் ஈரம் ஏறினாலும் உடனே சொல்வார்கள். சொல்லாமல் விட்டால் செலவு பத்து மடங்கு ஆகும்.

மோட்டார் விஷயத்தை நீ யோசித்திருக்க மாட்டாய். மேலே ஒரு மீட்டர், கீழே ஒரு மீட்டர் என்று ரெண்டு சர்வீஸ் வாங்கியது நல்லது. ஒரே மீட்டரில் ரெண்டு குடும்பத்தை வைத்தால் யூனிட் ஏறி, கட்டணமும் மேல் படிக்குப் போய்விடும். ஆனால் போர் மோட்டார் கீழ் வீட்டு மீட்டரில்தானே ஓடுகிறது? ஒரு எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். தினம் ஒரு மணி நேரம் என்றால் ரெண்டு மாதத்துக்கு 45 யூனிட். அரசாங்கம் கொடுக்கிற இலவச யூனிட்டில் ஒரு பகுதி, மேல் வீட்டுத் தண்ணீருக்கும் சேர்த்துப் போய்விடுகிறது. முதல் பில் வந்ததும் கீழ் வீட்டுக்காரருக்கு இது தெரியும், வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவார். அவர் கேட்பதற்கு முன்னால் நீயே மாதம் இருநூறு ரூபாயை அவர் வாடகையில் கழித்துவிடு. லைன் வீட்டில் நான் பார்த்த சண்டைகளில் முக்கால்வாசி வாடகைக்காக வந்தது இல்லை, மோட்டாருக்கும் தண்ணீருக்கும் வந்ததுதான்.

காலி பண்ணும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது நம் பக்கத்தில் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. நாலு வருஷம் குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும், அதற்குத்தான் மாதாமாதம் வாடகை வாங்குகிறோம். அவர்களாக உடைத்ததற்கு மட்டும் பிடி. எது உடைந்தது, எது முன்பே அப்படி இருந்தது என்று பேச்சு வராமல் இருக்க, இந்த வாரமே ரெண்டு வீட்டையும் அறை அறையாக போட்டோ எடுத்து, மீட்டர் ரீடிங்கோடு அவர்களுக்கும் அனுப்பி வை.

வரிக் கணக்கை ஆடிட்டரிடம் விட்டுவிடு. வாடகையில் நீ கட்டின வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதமும் கழிப்பார்கள் என்பது வரைக்கும் தெரிந்துகொள். வாடகை வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் குடியிருப்பவர்கள் தங்கள் ஆபீஸில் காட்ட உன் பான் நம்பர் கேட்பார்கள், தயங்காமல் கொடு. பன்னிரண்டு மாத வாடகையும் வரும் என்று மட்டும் எண்ணாதே. ஆடியிலும் மார்கழியிலும் வீடு காலியானால் யாரும் குடி வர மாட்டார்கள். நான் எப்போதும் பத்து மாதம் என்றுதான் கணக்கு வைப்பேன்.

இன்னொன்று. அடுத்த முறை புரோக்கர் ஆள் கூட்டி வரும்போது, "நீங்க எந்த ஆளுங்க?" என்று அவரே கேட்பார், உனக்காகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு. கேட்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடு. நானும் ரொம்ப வருஷம் கேட்டவள்தான். கேட்டதும் அந்த முகங்கள் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன், அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. என்ன வேலை, எத்தனை பேர், முன்னால் எங்கே குடியிருந்தீர்கள், ஏன் மாறுகிறீர்கள், இது போதும். முன்னால் இருந்த வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடு. பால் காய்ச்ச நல்ல நாள் பார்த்துச் சாவி கேட்டால் கொடுத்துவிடு, குடி வருகிற நாளிலிருந்துதான் வாடகை.

சரி, கடைசியாக மேல் வீட்டு விஷயம். அந்தப் பெண் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள் என்று சொன்னாய். வெளிப்படிக்கட்டுக்கு நீங்கள் இன்னும் கைப்பிடி போடவில்லை. மழை வந்தால் அந்தக் கிரானைட் வழுக்கும், கிரகப்பிரவேசத்தன்று நானே தடுமாறினேன். கணபதியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவரிடம் பேசிவிட்டேன், வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அளவெடுக்க வருவார். வீட்டுக்குள் போக வேண்டியிருந்தால் 24 மணி நேரத்துக்கு முன்னாலேயே எழுத்தில் சொல்ல வேண்டும். இது வெளி வேலைதான், இருந்தாலும் திங்கட்கிழமையே ரெண்டு வீட்டுக்கும் மெசேஜ் போட்டுவிடு. நான் திருப்பூரிலிருந்து எட்டு மணி பஸ்ஸுக்கு வந்துவிடுவேன், வேலை முடிகிற வரைக்கும் அங்கேயே இருப்பேன். டெபாசிட் போட்ட ரசீதையும் அதற்குள் எனக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா