பொய்க்கூரையை மூடுமுன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் புதிய குடியிருப்பு நகரான தெங்காவில் புது வீட்டுச் சாவியை வாங்கிப் புதுப்பிப்புப் பணியைத் தொடங்கும் குடும்பங்களில் மத்திய குளிரூட்டு முறையைத் தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. பொய்க்கூரைக்குள் குழாய்கள் மறையுமுன் அவர்கள் நேரில் நின்று பார்க்க வேண்டியவற்றைச் சொல்லவே இக்கடிதம்.

நாம் பழகிய ஏர்கானில் கம்ப்ரசர் வீட்டுக்கு வெளியே இருக்கும். செம்புக் குழாயில் குளிர்விக்கும் கேஸ் உள்ளே வரும். மத்திய முறையில் வீட்டுக்குள் கேஸே கிடையாது. சில புளோக்குகளின் மொட்டைமாடியில் உள்ள சில்லர்கள் தண்ணீரைக் குளிரவைக்கின்றன. இத்தகைய அமைப்புகளில் பொதுவாக 6, 7 டிகிரியில் புறப்படும் தண்ணீர், அறைக் காற்றைக் குளிர்ந்த குழாய்ச்சுருள்மேல் ஊதும் ஃபேன் காயிலில் வெப்பத்தை வாங்கிக்கொண்டு 12 டிகிரி அளவில் திரும்பும். 2.5 கிலோவாட் குளிர்ச்சி தேவைப்படும் படுக்கையறைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 லிட்டர் போதும். அறை குளிர்ந்ததும் வால்வு மூடிக்கொள்ளும்.

சிக்கல் நம் ஊர் ஈரக்காற்றில் இருக்கிறது. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். 7 டிகிரித் தண்ணீர் ஓடும் குழாயைச் சொல்லவே வேண்டாம். சொட்டுவதைக் கண்டதும் குழாய் உடைந்துவிட்டது என்று பயப்படுகிறோம். பெரும்பாலும் குழாய் நன்றாகவே இருக்கும். மேலே சுற்றிய காப்பு நுரை விட்டுப்போன இடம்தான் வியர்க்கும். குழாய் வளையும் முனை, வால்வைச் சுற்றிய பகுதி, தாங்கியில் குழாய் அமரும் இடம் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். நுரைத் துண்டுகள் சேரும் இடங்களைப் பசையிட்டு ஒட்டி, டேப்பும் சுற்றியிருக்க வேண்டும். கேபிள் டையை இறுக்கிக் கட்டி நுரையை நசுக்கினால் அந்த இடத்தில் காப்பு போய்விடும். வேலை பார்த்தவர் "பரவாயில்லை" என்றாலும் விடாதீர்கள், மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது வடிகுழாய். ஓர் அறையின் ஃபேன் காயில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட நீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கும். அது வழிந்தோட, குழாய்க்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவாவது வேண்டும். நடுவில் தொய்ந்தால் நீர் தேங்கி, வழவழப்பான படலம் வளர்ந்து அடைக்கும். ஃபேன் காயிலுக்கு அடியில் நீர் சேரும் தட்டு நிரம்பி அறைக்குள் சொட்டும். தட்டில் இரண்டு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அத்தனையும் கழிவறை வடிகாலுக்கு வருகிறதா என்று பாருங்கள். வடிகுழாயில் ஓடுவதும் குளிர்ந்த நீரே என்பதால் அதற்கும் நுரை சுற்ற வேண்டும்.

குளிர்நீர்க் குழாய்களின் அழுத்தச் சோதனையையும் மூடுமுன்பே முடிக்க வேண்டும். அழுத்தமானியின் முள் பல மணி நேரம் இறங்காமல் நிற்க வேண்டும். வால்வு இருக்கும் இடத்தில் திறந்து மூடும் பலகை அவசியம். அழகைக் கெடுக்கிறது என்று அதைத் தவிர்ப்பவர்கள் பிறகு கூரையையே வெட்ட நேரிடும்.

குடியேறிய பிறகு, ஏர்கான் ஓடும்போது சன்னலைத் திறந்துவைக்காதீர்கள்; ஈரக்காற்று புகுந்து, குளிர்காற்று வெளிவரும் காற்றுவாய் வியர்க்கும். ஃபேன் காயிலின் காற்று வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். "கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும்" என்று யாராவது சொன்னால், இந்த வீட்டில் அதற்கு வேலையே இல்லை என்று அனுப்பிவிடுங்கள்.

சோதனைகள் முடிந்து குளிரூட்டுப் பணியாளரும் புதுப்பிப்புக் குத்தகையாளரும் கையெழுத்திட்ட பிறகே பொய்க்கூரையை மூடலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளும்படி வீட்டு உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குளிரூட்டுத் துறைப் பணியாளர்கள்,
ஜூரோங்