நஷ்டம் யார் கணக்கில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பொருளாதாரக் கட்டுரையில், வளரும் நாடுகளின் எண்ணெய் வயல்களுக்கு வரும் அந்நிய மூலதனத்தைப் பற்றி, 'நஷ்டம் வந்தால் நிறுவனத்துக்கு, லாபம் வந்தால் நாட்டுக்கு' என்று ஒரு வரி. எழுதியவர் இளைஞராக இருக்கக்கூடும், வாழ்க. ஆனால் தாங்கள் இத்துறையை நெடுங்காலமாகக் கவனித்து வருபவர். எடுக்கும் எண்ணெயை அரசும் நிறுவனமும் பிரித்துக்கொள்ளும் உற்பத்திப் பங்கீட்டு ஒப்பந்தத்தைப் பற்றித் தங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. அப்படியிருந்தும் அந்த வரி தங்கள் கண்ணைத் தாண்டி அச்சேறிவிட்டதே!

துளையிட்ட இடம் வறண்டுபோனால் நஷ்டம் நிறுவனத்துடையதுதான், மறுக்கவில்லை. எண்ணெய் கிடைத்துவிட்டால்? தேடிய செலவு, தோண்டிய செலவு எல்லாம் முதலில் எண்ணெயிலேயே கழியும். மிஞ்சியதில்தான் பங்கு பிரிப்பார்கள். வங்கிகளோ எண்ணெய் கிடைக்குமா என்று தேடும் காலத்தில் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. இருப்பு இவ்வளவு என்று பொறியாளர்கள் சான்று கொடுத்த பிறகுதான் திட்டக் கடன் வருகிறது. அதற்கு ஈடு, அந்த நாட்டு மண்ணிலிருந்து வரப்போகும் எண்ணெய்.

மேற்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றில் கடலடி எண்ணெய்த் திட்டத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அரசு தன் பங்குக்குப் போட வேண்டிய மூலதனத்தை அந்நியக் கூட்டாளியே முன்பணமாகப் போட்டிருந்தார். கேட்கப் பெருந்தன்மையாகத்தான் இருக்கும். அது முழுவதும் வட்டியோடு அரசின் பங்கு எண்ணெயிலிருந்து திரும்பப் போய்க்கொண்டிருந்தது. மாதாந்தரச் செலவுப் பட்டியலில் 'தலைமையகப் பொதுச் செலவு' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று கணக்கு. திட்டச் செலவு ஏறினால் அதுவும் தானாக ஏறும். அமைச்சக அதிகாரி ஒருவர், பாவம், அதற்கு வவுச்சர் கேட்டார். ஒப்பந்தத்தின் கணக்கு முறை இணைப்பைப் படியுங்கள், இதற்கு வவுச்சர் தேவையில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலைத் தட்டச்சு செய்தவன் நான்தான். ஹெலிகாப்டர் வாடகைக்காவது பில் இருந்தது. சரக்கு ஏற்றிய கப்பலுக்கான பணமும் நேரே நாட்டுக்குள் வராது. வெளிநாட்டு வங்கிக் கணக்கில் விழுந்து, நடப்புச் செலவு, வட்டி, தவணை, வரப்போகும் தவணைக்கான இருப்பு என்று வரிசையாகக் கழிந்த பிறகுதான் மிச்சம் வரும், இருந்தால்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், ஆப்பிரிக்காவின் சாட் நாட்டைப் பாருங்கள். தோபா வயலிலிருந்து கமரூன் கடற்கரை வரை 1,070 கிலோமீட்டர் குழாய். 2000இல் உலக வங்கி ஒப்புதல் தந்தபோது, வருமானம் கல்வி, சுகாதாரம் போன்றவற்றுக்கே என்று சட்டம் எல்லாம் போட்டார்கள். 2003இல் எண்ணெய் ஓடியது, 2005 இறுதியில் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2008இல் உலக வங்கி விலகிக்கொண்டது. பிறகு 2014இல், அத்திட்டத்தில் அமெரிக்க எண்ணெய் நிறுவனமான செவ்ரான் வைத்திருந்த பங்கைச் சாட் அரசு வாங்குவதற்காகக் கிளென்கோர் என்ற வணிக நிறுவனத்திடம் நூறு கோடி டாலருக்கும் மேல் கடன். ஈடு, வழக்கம்போல எண்ணெய்தான். அதே ஆண்டு உலகச் சந்தையில் விலை சரிந்தது. 2015இல் ஒருமுறை, 2018இல் மறுமுறை என்று கடன் நிபந்தனைகளை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. இந்த நஷ்டம் தங்கள் கட்டுரையாளரின் கணக்கில் எந்தப் பத்தியில் வருகிறது?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கிருஷ்ணா கோதாவரிப் படுகையின் டி6 எரிவாயுத் திட்டத்துக்கு 2004இல் ஏறத்தாழ 240 கோடி டாலர் மதிப்பிட்டார்கள். 2006இல் அது 880 கோடி. உற்பத்தி இலக்கும் இரு மடங்கு என்று சமாதானம் சொன்னார்கள். 2010க்குப் பிறகு எரிவாயு குறைந்துகொண்டே போனதுதான் மிச்சம். 2011இல் தணிக்கைத் துறை குறை சொன்னதைத் தாங்கள் எந்தப் பக்கத்தில் எவ்வளவு இடம் கொடுத்து வெளியிட்டீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

அந்நியப் பணமே கூடாது என்பவன் அல்லன் நான். 1974இல் எண்ணெய் கண்ட பம்பாய் ஹை கடல் வயலுக்கும் உலக வங்கிக் கடன் வந்தது. கடனைக் கடன் பத்தியில்தான் எழுதினார்கள். தாங்களோ வங்கிக் கடனையும் பங்கு மூலதனத்தையும் ஒன்றாகக் கூட்டி, 'அந்நிய முதலீடு குவிகிறது' என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் அமைச்சர் கையெழுத்திடும் வண்ணப் படத்தையும் வைக்கிறீர்கள். இதைப் பற்றி முன்பும் எழுதினேன். 'கட்டுரை அருமை' என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டு, மற்றதை வெட்டிவிட்டீர்கள். அதனால்தான் இம்முறை அந்த வரியை எழுதவில்லை.

வேண்டுகோள் சிறியது. இனி இப்படி ஒரு தொகையை வெளியிடும்போது, அதில் பங்கு மூலதனம் எவ்வளவு, கடன் எவ்வளவு, கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்தது யாருடைய எண்ணெய் என்று கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இடம் போதாவிட்டால் அமைச்சரின் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர்